பத்து வருடம், ஒன்பது பாட்டு

1

இந்த மாசியோடு நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்து பத்து வருடம் முடிகிறது. வெள்ளவத்தையில் சிறு சஞ்சிகை நடத்தும் என் பழைய நண்பர் வட்ஸ்அப்பில் கேட்டார்:

“பத்து வருசமா அங்க இருந்து என்னதான் செய்யிறீர்? எங்கட சனத்துக்கு ஒரு நாலு பக்கம் எழுதும் ஐசே.”

“பாட்டுக் கேக்கிறன்” என்று பதில் போட்டேன்.

“எழுபத்தாறு வயசில பாட்டோ? தேவாரமோ?”

“இல்லை. பொப்.”

சிரிக்கும் முகம் ஒன்று அனுப்பினார். பிறகு இன்னொன்று. மொத்தம் நான்கு.

நான் உண்மையைத்தான் சொன்னேன். கொழும்புத் துறைமுகத்தில் கப்பலில் இருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணிக் குறிப்பது முப்பத்தொரு வருடம் என் வேலையாக இருந்தது. இங்கே வந்தபோது எண்ணுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வீட்டில் இருந்து நூலகத்துக்கு இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது அடி. அதை முதல் வாரத்திலேயே எண்ணி முடித்துவிட்டேன். முதல் குளிர்காலத்தில் மகன் நிமலன் தன் பழைய கைபேசியையும் ஒரு சோடி இயர்போனையும் தந்தான். நடக்கும்போது கேட்கத் தொடங்கினேன். புதிதாக ஒரு பாட்டுக் கேட்டால் அப்பியாசக் கொப்பியில் குறிப்பேன்: தேதி, நீளம், எத்தனை தரம் கேட்டேன் என்பது. இப்போது நாலாவது கொப்பி ஓடுகிறது.

இந்தப் பத்து வருடத்தில் வெளிவந்த பாட்டுகளில் எனக்குப் பிடித்த பத்தை நண்பருக்காக வரிசைப்படுத்த உட்கார்ந்தேன். பத்தில் இருந்து இரண்டு வரை ஒரே பின்னேரத்தில் எழுதிவிட்டேன். முதலாம் இடம் எந்தப் பாட்டுக்கு என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். எழுதத்தான் கை வரவில்லை. அந்தப் பாட்டு ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. பொய்யைச் சொன்னவன் நான்.

2

முதலில் ஒன்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்தாவது, மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்தி குசினியில் இருந்து உகுலேலே என்ற குட்டிக் கித்தாரை வைத்துக்கொண்டு பாடியது. கைபேசியில் பதிந்திருக்கிறாள். ஒரு நிமிடம் பன்னிரண்டாவது செக்கனில் பிரஷர் குக்கர் கூவும். அவள் நிறுத்தமாட்டாள். அந்தக் கூவலையே சுருதியாகப் பிடித்துக்கொண்டு அடுத்த அடிக்குப் போவாள். மூன்றாவது கூவலில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரிப்பையும் வெட்டாமல் விட்டிருக்கிறாள். துறைமுகத்தில் சேதமான பெட்டிகளை நாங்கள் தனியாக ஒதுக்கிவைப்போம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சேதத்தோடேயே அனுப்புகிறார்கள். அதுதான் நன்றாகவும் இருக்கிறது.

ஒன்பதாவது, கொட்டாஞ்சேனை இளைஞர் இருவர் நிற்காமல் போகும் ஒரு பஸ்ஸைத் திட்டி ராப் பாடுவது. அது தமிழ்ப் பாட்டு என்றுதான் ஆறு மாதமாக நினைத்திருந்தேன். ஒருநாள் என் பேத்தி மாயா இயர்போனை மாற்றிச் செருகிவிட்டாள். இடது காதில் ஒருவன் சிங்களத்தில் பொரிந்து தள்ளினான். அவன் முதலில் இருந்தே என் வலது காதில் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அந்தக் காது எனக்குக் கேட்பது குறைவு.

எட்டும் ஏழும் சென்னைக்காரருக்கு. இரண்டும் சினிமாவில் வராதவை. ஒன்றில் நாகசுரமும் எலெக்ட்ரிக் கித்தாரும் சண்டை பிடித்து நாகசுரம் வெல்லும். மற்றது காதல் பாட்டு. அதைப் பற்றி இந்த வயதில் நான் விளக்கம் எழுத முடியாது.

ஆறாவது இங்கத்தைய ஆங்கிலப் பாட்டு. நித்திரையால் எழும்பி வந்தவள் போன்ற குரலில் ஒரு பெண் தான் நன்றாக இருப்பதாகப் பதினெட்டுத் தடவை சொல்கிறாள்.

“நல்லா இருக்கிற ஆள் ஏன் இத்தினை தரம் சொல்லுறாள்?” என்று மாயாவைக் கேட்டேன்.

“அப்பப்பா, அதுதான் சோங்கே” என்றாள்.

ஐந்தாவதும் நாலாவதும் மலேசியப் பெண் ஒருவர் பாடியவை. மூன்றாவதில் ஐம்பத்தெட்டுச் செக்கன் மழை பெய்யும், பிறகுதான் குரல் வரும். யாழ்ப்பாணத்தில் யாரோ தங்கள் வீட்டு அறைக்குள் செய்தது. இரண்டாவது ஒரு நோர்வேத் தமிழ்ப் பையனுடையது. அவனுக்கு ‘ழ’ வராது. வராததை மறைக்காமல் பாடுகிறான், அதனால் பிடித்தது.

இவற்றை ‘இண்டி’ என்பார்களாம். “பெரிய கொம்பனி ஒண்டும் இல்லாம, தாங்களே வீட்டுக்குள்ள செய்யிறது” என்று மாயாதான் விளக்கம் தந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. தமிழில் இருபது வரை எண்ணுவாள். அதற்கு மேல் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். நான் திருத்துவேன். நான் திருத்தத் திருத்த அவள் என்னோடு தமிழில் பேசுவதும் குறைந்துகொண்டு வருகிறது. இதையும் நான் கவனித்துத்தான் வைத்திருக்கிறேன்.

3

போன மார்கழித் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை. வெளியே முப்பத்தாறு பாகை வெயில். நாங்கள் பாட்டுக் கேட்கும் செயலி, ஒவ்வொரு மார்கழியும், அந்த வருடம் யார் எதை எத்தனை தரம் கேட்டார் என்று கூட்டிக் காட்டும். என் கைபேசியை மாயா நோண்டிக்கொண்டிருந்தாள். 

“அப்பா! இஞ்ச வாங்கோ! அப்பப்பா உங்கட பாட்டை ஆறு நூறு பதினொண்டு தரம் கேட்டிருக்கிறார்!”

“அறுநூற்றுப் பதினொண்டு” என்று திருத்தினேன். பிறகு அதையும் திருத்தினேன். “அதுவும் பிழை. அறுநூற்று நாலு. கொப்பியில இருக்கு.”

நிமலன் இங்கே பஸ் ஓட்டுகிறான். வேலைக்குப் போகும் உடுப்போடு, கையில் தேத்தண்ணியோடு நின்றான். அவனுக்கு நாற்பத்தைந்து வயது. ஓய்வு நாட்களில் காராஜுக்குள் இருந்து பாட்டுச் செய்வான். அதில் ஒன்று ஆறு வருடத்துக்கு முன் வந்து, நாலு நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பாட்டாகிவிட்டது. அது வந்த அன்று எனக்கும் அனுப்பியிருந்தான். நான் அனுப்பிய பதிலை அவன் மறக்கவில்லை.

“‘நன்று’ எண்டு ஒரு சொல்லுத்தானே அப்பா எழுதினியள்?”

“ரெண்டு சொல். ‘கேட்டேன். நன்று.’”

அவன் சிரித்தான். கண் சிவந்திருந்தது. குசினியில் என் மனைவி சரசு தண்ணீர்ப் பைப்பைப் பூட்டும் சத்தம் கேட்டது.

“தைப்பொங்கலுக்குப் பிறகு வாற சனிக்கிழமை ஹோலில எங்கட நிகழ்ச்சி” என்றான். “இந்தப் பாட்டுக்கு முதல் நீங்கள் மேடைக்கு வந்து அந்தக் கசற் கதையைச் சொல்லுங்கோ. ரெண்டு நிமிசம் காணும். பொலிஸ் வந்து கொண்டுபோனதை நேர பாத்தது நீங்கள்தானே?”

“பாப்பம்” என்றேன்.

பதில் சொல்லப் பயந்தால் நான் சொல்லும் சொல் அது.

4

அந்தப் பாட்டு ஒரு கசற்றைப் பற்றியது. மூன்று நிமிடம் நாற்பத்தெட்டுச் செக்கன். கடற்கரை ரயில் தூரத்தில் வரும் சத்தத்தைக் கித்தாரின் தடித்த கம்பியிலேயே எடுத்திருக்கிறான். பல்லவியில் ‘கதவைத் தட்டியவன் கொண்டு போனான்’ என்ற அடி ஏழு தடவை வரும். ஒவ்வொரு தடவையும் ‘தட்டியவன்’ என்ற இடத்தில் மத்தளம் போல ஒரு அடி விழும். பஸ்ஸில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டு இறங்கவேண்டிய தரிப்பைத் தவறவிட்டிருக்கிறேன். நோகிற பல்லை நாக்கு தேடிப் போவது போலத்தான் தேடித் தேடிக் கேட்டேன். ஆனால் அது நல்ல பாட்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இருபத்தாறு வருடத்துக்கு முன், வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில் மூன்றாம் மாடியில் இருந்தோம். நாற்பத்தொரு படி. நிமலனுக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தான். காலி வீதியில் ரியூஷன். ரியூஷன் முடிந்ததும் பஸ் ஏறிக் கொம்பனித்தெருவுக்குப் போய்விடுவான். அங்கே ருஷ்டி என்று ஒரு மலாய்ப் பையன் டிரம் அடிப்பான். ருஷ்டியின் மாமாவுடைய அறையில் சுவருக்கு மெத்தைகளைச் சாத்திவைத்து, இரண்டு பேருமாக நாலு பாட்டை ஒரு கசற்றில் பதிந்தார்கள். தமிழ் பொப். எல்லாம் நிமலன் எழுதியவை. பிரதி இல்லை. அந்த ஒரு கசற்தான்.

சனிக்கிழமை பின்னேரம் கொண்டுவந்து எங்களுக்குப் போட்டுக் காட்டினான். பதினேழு நிமிடம் இருபது செக்கன். இரண்டாவது பாட்டில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கேட்டேன்:

“படிப்பு எப்பிடிப் போகுது?”

எனக்குப் பொப் பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் பெல்பொட்டம் போட்டவன். கொட்டாஞ்சேனையில் திறந்தவெளியில் நடந்த பொப் நிகழ்ச்சிகளில் ஆடியிருக்கிறேன். ஐந்து தடவை. அதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை, நிமலனுக்கும்கூட.

அது யுத்த காலம், கொழும்பில் பொலிஸ் தமிழரை வீடு வீடாகச் சோதித்த நேரம். அடையாள அட்டைகளும் பொலிஸ் பதிவுத் துண்டும் ஒரு பொலித்தீன் பைக்குள் கதவருகே ஆணியில் தொங்கும். கசற் என்றால் எல்லோருக்கும் பயம். சோதனைக்கு வருபவருக்குத் தமிழ் தெரியாது. எது காதல் பாட்டு, எது போராளி இயக்கத்தின் பாட்டு என்று அவருக்குப் பிரித்துச் சொல்ல எங்களுக்கு வாயும் இல்லை. பெயர் எழுதாத கசற் ஒன்று அகப்பட்டதால் அடுத்த ஒழுங்கைப் பையனை விசாரணைக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள் என்று அந்த வாரம் பேச்சு. ஆகவே எங்கள் சனம் தங்கள் பாட்டுக் கசற்றுகளின் மேல் தேவாரத்தைப் பதிந்தது. போட்டுக் காட்டச் சொன்னால் தேவாரம் கேட்கும். அந்தக் காலத்தில் எத்தனை குரல்கள் தேவாரத்துக்கு அடியில் போயின என்று யாரும் எண்ணி வைத்திருக்கமாட்டார்கள்.

சரசு சொன்னாள்: “இதை ருஷ்டி வீட்ட குடுத்து வைப்பமே. அவையின்ர வீட்டை ஒருத்தரும் சோதிக்கிறேல்லை. பஸ்ஸில அரை மணித்தியாலம்.”

“நாளைக்குப் பாப்பம்” என்றேன்.

அடுத்த நாள் காலை நிமலன் ரியூஷனுக்குப் போன பிறகு, இரட்டைக் கசற் ரேடியோவில் ஒரு பக்கம் எங்கள் தேவாரக் கசற்றையும் மறுபக்கம் அவனுடையதையும் போட்டேன். கசற்றின் தொடக்கத்தில் பதிவு விழாத வெறும் நாடா கொஞ்சம் இருக்கும். அது போகட்டும் என்று, சத்தத்தைக் குறைத்து நாடாவை ஓடவிட்டு, பத்து வரை எண்ணிவிட்டுத்தான் பதியும் பொத்தானை அமத்துவேன். அன்றும் எண்ணினேன். அமத்தினேன். பிறகு இருபது நிமிடம் பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்தேன். கசற்றின் மேல் ‘தேவாரம்’ என்று என் கையெழுத்தில் எழுதினேன்.

பயம் என்று சொல்லிவிட்டு இதை முடித்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் விளங்கும். ஆனால் பயம் அறுபது வீதம்தான். மிச்சம் நாற்பது, இந்தச் சனியன் தொலைந்தால் பெடியன் படிப்பான் என்ற எண்ணம். பயம் மட்டும் என்றால் அரை மணித்தியாலம் பஸ்ஸில் போயிருப்பேன்.

5

சோதனை உண்மையில் புதன்கிழமை வந்தது. அதுவரை நிமலன் கசற்றைத் தேடவில்லை, அன்றும் வீட்டில் இல்லை. கதவைத் தட்டினார்கள், நான் திறந்தேன். நடுத்தர வயது உத்தியோகத்தர் ஒருவர், கூட இரண்டு பேர். நாற்பத்தொரு படி ஏறிய களைப்பு அவருக்கு. அட்டைகளைப் பார்த்தார். ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்த கசற்றை எடுத்தார்.

“மே மொனவத?” இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

“பக்தி கீத, மஹத்தயா” என்றேன், பக்திப் பாட்டு ஐயா என்று.

போடச் சொன்னார். தொடக்கத்தில் என்ன இருக்குமோ என்று கொஞ்சம் முன்னுக்குச் சுற்றிவிட்டுத்தான் போட்டேன். தேவாரம் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கால் நிமிடம் நின்றார். “ஹொந்தாய்” என்றார், நல்லது என்று. பிறகு ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டார். சரசு கொடுத்தாள். குடித்தார், கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார், போனார். கசற்றைத் திரும்ப அதே இடத்தில்தான் வைத்தார்.

அவர் போனதும் கசற்றைக் குப்பையில் போடும்படி சரசுவிடம் கொடுத்தேன். பின்னேரம் நிமலன் வந்து தேடினான்.

“சோதனைக்கு வந்தவங்கள் கொண்டுபோயிட்டாங்கள்” என்றேன்.

 அவன் யன்னலருகே போய்க் கடலைப் பார்த்தான். மூன்று ரயில் போகும் வரை அப்படியே நின்றான். அந்த வருடமும் உயர்தரப் பரீட்சையில் சித்தியடையவில்லை. இருபத்திரண்டு வயதில் அவுஸ்திரேலியாவுக்கு வந்துவிட்டான். பிறகு தொலைபேசியில் பேசினால் நாங்கள் இரண்டு பேரும் காலநிலையைப் பற்றிப் பேசுவோம்.

எங்களை அவன் இங்கே கூப்பிட்டபோது நிரப்பிய படிவங்கள் பதினான்கு. ஒன்றில் முப்பது வருட முகவரிகள். இன்னொன்றுக்குக் கொழும்பில் இருந்து பொலிஸ் நற்சான்றிதழ் எடுக்க வேண்டும். என் மேல் ஒரு முறைப்பாடும் இல்லை என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அவர்களிடம் என்னைப் பற்றிப் பொய் இருக்கவில்லை. நான்தான் அவர்களில் ஒருவரைப் பற்றி ஒரு பொய்யை வீட்டுக்குள் வைத்திருந்தேன். அதை என் மகன் பாட்டாக்கினான். அந்தப் பாட்டு நாலு நாட்டில் ஓடுகிறது.

6

அந்த மார்கழிச் சனிக்கிழமை, நிமலன் வேலைக்குப் போன பிறகு, நான் கொப்பியை எடுத்துத் திரும்பக் கூட்டினேன். அறுநூற்று நாலு. இரண்டாம் முறையும் அறுநூற்று நாலு.

“மெஷின் பிழையாக் கூட்டுது” என்றேன். “ஏழு கூட இருக்கு.”

சரசு பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். “அந்த ஏழும் நான்தான். நீங்கள் குளிக்கேக்க உங்கட போனில கேட்டனான்.”

“உமக்கு அந்தப் பாட்டுப் பிடிக்குமோ?”

“பாட்டுப் பிடிக்கும். கதை பிடிக்காது.”

 அவள் எழும்பி அறைக்குப் போனாள். அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் இருந்து ஒரு பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உள்ளே கசற். ‘தேவாரம்’. என் கையெழுத்து.

“இது உம்மட்டை எப்பிடி? நான் குப்பையில போடச் சொன்னனான்.”

“சொன்னனீங்கள். நான் போடேல்லை.” திரும்பவும் இருந்து பயற்றங்காயை எடுத்தாள். “மகன் வெளிக்கிட்டுப் போனாப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போட்டனான். நீங்கள் வீட்டில இல்லாத நேரமாப் பாத்து.”

“அது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மனிசி சொன்னவ. தேவாரத்துக்கெண்டு நினைச்சன்.”

“தேவாரம் எனக்குப் பாடமப்பா. அதுக்குக் கசற் என்னத்துக்கு?”

பத்து வரை எண்ணிவிட்டு அமத்துகிறவன் நான் என்று முன்பே எழுதினேன். வெறும் நாடா ஓடி முடிய ஐந்தாறு செக்கன் போதும். மிச்ச நாலு செக்கனில் நிமலனின் குரல் அழியாமல் இருந்திருக்கிறது. பாட்டுத் தொடங்க முன் தாளத்துக்கு எண்ணும் குரல். அந்த நாலு செக்கனைக் கேட்கத்தான் அவள் பதின்மூன்று வருடம், வெள்ளிக்கு வெள்ளி, அந்தக் கசற்றைப் போட்டிருக்கிறாள். அறுநூற்று எழுபத்தாறு வெள்ளிக்கிழமை. என்னுடைய அறுநூற்று நாலு அதற்குக் கிட்டவும் வராது.

“ஏன் அவனுக்கு நீர் சொல்லேல்லை?”

“நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்” என்றாள். “இப்ப மேடையில ஏறி மற்ற மாதிரிச் சொல்லப் போறியளோ?”

7

அடுத்த நாள் ஞாயிறு. காராஜில் நிமலன் கித்தாருக்குப் புதுக் கம்பி போட்டுக்கொண்டிருந்தான். நான் வாசலில் நின்றேன். உள்ளே வந்து இருக்கச் சொன்னான். நான் இருக்கவில்லை.

“தம்பி, அந்தக் கசற்றைப் பொலிஸ் கொண்டுபோகேல்லை.”

“அப்ப ஆர் கொண்டுபோனது?”

“ஒருத்தரும் கொண்டுபோகேல்லை.”

கசற்றை மேசையில் வைத்தேன். அவன் என் எழுத்தை வாசித்தான். பிறகு மறுபக்கம் திருப்பினான். அந்தப் பக்கத்து மூலையில், சிவப்புப் பேனையால், ஒரு பயறளவு டிரம் வரைந்திருந்தது. எல்லாவற்றையும் எண்ணும் நான் அதைக் கண்டதே இல்லை. அவன் கண்டவுடன் அறிந்துகொண்டான்.

பழைய கசற் டெக் ஒன்று தட்டில் இருந்தது. தூசியைத் துடைத்துவிட்டுப் போட்டான். முதலில் வெறும் இரைச்சல். பிறகு, பத்தொன்பது வயதுக் குரல்:

“ஒண்டு, ரெண்டு, மூண்டு —”

டக் என்று ஒரு சத்தம். தேவாரம்.

நிறுத்தினான். பின்னுக்குச் சுற்றினான். திரும்பப் போட்டான். நாலு தரம்.

“நாலு எங்க?” என்றான்.

“நாலுக்கு முதல் நான் அமத்திப்போட்டன்.”

டெக்கை நிறுத்தினான். “ஏன் அப்பா?”

“பயம்.”

“பயமெண்டா ருஷ்டி வீட்ட குடுத்திருக்கலாமே.”

தாயின் அதே வசனம். அப்போதுதான் மிச்ச நாற்பது வீதத்தையும் சொன்னேன். “நீ சோதினை பாஸ் பண்ண வேணும் எண்டு நினைச்சன்.”

“பண்ணினனானோ?”

“இல்லை.”

சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் திரும்பக் கேட்க விரும்பவில்லை. “அந்த மனிசனை ஆறு வருசமா மேடை மேடையாக் கள்ளன் எண்டு பாடுறன். அவர் உண்மையில என்னதான் கொண்டுபோனவர்?”

“ஒரு கிளாஸ் தண்ணி. அதையும் அங்கயே குடிச்சிட்டுப் போனவர்.”

“ருஷ்டி? அவன்ர கையும் இதுக்குள்ள இருந்ததெல்லோ. அவனுக்கு ஆர் சொல்லுறது?”

“நான் எழுதுறன்.”

“பாப்பம்” என்றான் நிமலன். என் சொல்லை என் வாயில் இருந்தே எடுத்தது போல இருந்தது.

கசற்றை அவன் திருப்பித் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. அன்றில் இருந்து நிகழ்ச்சி நாள் வரை ஆறு கிழமை. “சாப்பிட்டியளோ அப்பா”, “மருந்து எடுத்தியளோ அப்பா” என்ற இரண்டைத் தவிர வேறு பேச்சில்லை. மேடைக்கு வந்து கதை சொல்லும்படி அவன் பிறகு கேட்கவில்லை. நிகழ்ச்சிக்கு வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

8

மண்டபத்தில் நூற்று நாற்பது கதிரை. நூற்றுப் பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். நானும் சரசுவும் மருமகளும் மாயாவும் ஐந்தாம் வரிசை. மாயா எனக்கும் சரசுவுக்கும் நடுவே இருந்தாள். நிமலன் எட்டுப் பாட்டுப் பாடினான். ஒன்பதாவதுக்கு முன் பாதி மண்டபம் கை தட்டத் தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. அதற்கு முன் கசற் கதையை அவன் சொல்வான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். சோதனை, பொலிஸ், பறிபோன பாட்டு என்று எங்கள் சனத்துக்குக் கேட்டுப் பழகிய கதை. எழும்பச் சொன்னால் மேடைக்கு எத்தனை படி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவன் கதை சொல்லவில்லை. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தான். தொடங்கினான்.

தடித்த கம்பியில் ரயில் வந்தது. முதல் சரணம் பழையபடி. பல்லவி வந்தது.

‘கதவைத் திறந்தவன் கொண்டு போனான்.’

ஒரே ஒரு சொல். தட்டியவன் என்ற இடத்தில் திறந்தவன். அந்த மத்தள அடி முன்பு விழுந்த அதே இடத்தில் விழுந்தது. முன்வரிசையில் கூடப் பாடியவர்கள் பழைய சொல்லையே பாடினார்கள். சிலர் இடறி, சிரித்து, பழைய சொல்லுக்கே திரும்பினார்கள். பாடகன் மறந்துவிட்டான் என்று நினைத்திருப்பார்கள். அவன் ஏழு தடவையும் மாற்றித்தான் பாடினான். ஒரு தடவையும் என் பக்கம் பார்க்கவில்லை.

நாலாவது தடவையில் சரசு என் கையைத் தேடிப் பிடித்தாள். மாயா குனிந்து என் இடது காதுக்குள் கேட்டாள்:

“அப்பப்பா, ஆர் கதவைத் திறந்தது?”

“நான்தான்” என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு முழுவதையும் சொன்னேன். அவள் பாதியைத் தமிழிலும் பாதியை ஆங்கிலத்திலும் கேட்டாள். நான் ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

ருஷ்டி இப்போதும் கொம்பனித்தெருவில்தான் இருக்கிறான், பழைய வீடு இருந்த இடத்தில் எழும்பிய மாடியில். அவனுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் மூன்று பக்கம். இன்னும் பதில் இல்லை. அந்த உத்தியோகத்தரின் பெயர் எனக்குத் தெரியாது. இந்தச் சஞ்சிகையை அவர் வாசிக்கவும் போவதில்லை. இருந்தாலும் வெள்ளவத்தையிலேயே இது அச்சில் வரவேண்டும் என்று நண்பரிடம் கேட்டிருக்கிறேன். அவர் எங்கள் வீட்டில் இருந்து ஒன்றையும் கொண்டுபோகவில்லை.

பட்டியல் இத்தோடு முடிகிறது. முதலாம் இடம்: நிமலனின் பாட்டு, மாற்றிய சொல்லோடு. அதை அவன் இன்னும் பதியவில்லை, பதிவானா என்று நான் கேட்கவும் இல்லை. கொப்பியில் புதுப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நீளம் மூன்று நிமிடம் நாற்பத்தெட்டுச் செக்கன். கேட்டது ஒரு தரம்.